சிவப்பு ஜாக்கெட்டுக்குச் சம்பளம் கிடையாது

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம்தான் அமெரிக்க ஸ்கீ தளங்களுக்குத் தீபாவளி சீசன். 2024 டிசம்பர் 27 அன்று, அந்த உச்ச வாரத்தின் நடுவில், யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டி மலையில் சுமார் 200 ரோந்துப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தொடக்க ஊதியத்தை மணிக்கு 21 டாலரிலிருந்து 23 டாலராக உயர்த்த வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. அவர்கள் இல்லாமல் மலையின் பெரும்பகுதியைத் திறக்க முடியவில்லை. திறந்திருந்த சில லிஃப்ட்களில், ஆயிரக்கணக்கில் செலவழித்து வந்திருந்த குடும்பங்கள் வரிசையில் நின்று சலித்துப்போயின. ஜனவரி 8 அன்று உடன்பாடு ஏற்பட்டது. கேட்ட 23 டாலர் கிடைத்தது.

அதே நாட்களில், அதே நாட்டின் நூற்றுக்கணக்கான சிறிய மலைகளில், அதே வேலையைப் பல ஆயிரம் பேர் ஒரு டாலர்கூட வாங்காமல் செய்துகொண்டிருந்தார்கள்.

முதுகில் வெள்ளைச் சிலுவை பொறித்த சிவப்பு ஜாக்கெட். இடுப்பில் முதலுதவிப் பை. தோளில் வாக்கிடாக்கி. இவர்கள்தான் 'ஸ்கீ பேட்ரோல்' எனப்படும் பனிச்சறுக்கு ரோந்துக் குழுவினர். வார நாட்களில் பள்ளிகளிலும் வங்கிகளிலும் பட்டறைகளிலும் வேலை பார்க்கிறவர்கள், சனி ஞாயிறு விடிவதற்குள் மலையேறிவிடுகிறார்கள். யாராவது விழுந்து காலை முறித்துக்கொண்டால் முதலில் வந்து சேர்வது டாக்டர் அல்ல, இவர்கள்தான்.

அமெரிக்காவில் இந்தக் குழுக்களுக்குப் பயிற்சியும் தரச்சான்றும் தரும் அமைப்பு, நேஷனல் ஸ்கீ பேட்ரோல். இதில் 30,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். மேற்கே ராக்கி மலைத்தொடரின் பெரிய தளங்களில் ரோந்துப்பணி சம்பளத்துக்குச் செய்யும் முழுநேர வேலை. கிழக்கிலும் நடுமேற்கிலும் உள்ள சிறிய தளங்களிலோ, வார இறுதி நாட்களைத் தாங்கிப்பிடிப்பது தன்னார்வலர்களே. அவர்கள் ஒரு சனிக்கிழமை வராமல் போனால் அங்கேயும் லிஃப்ட் ஓடாது.

ஒரு தகரத் தகட்டில் தொடங்கியது

கதை 1936 புத்தாண்டு விடுமுறையில் தொடங்குகிறது. கனெக்டிகட்டைச் சேர்ந்த இன்ஷூரன்ஸ்காரரான சார்லஸ் மைனாட் டோல், வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்டோவ் மலையில் சறுக்கும்போது விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். அப்போது அங்கே ஸ்ட்ரெச்சரும் இல்லை, முறையான மீட்புக் குழுவும் இல்லை. நண்பர்கள் எங்கிருந்தோ ஒரு கூரைத் தகரத்தைத் தேடி எடுத்து வந்து, அதில் அவரைக் கிடத்தி, மலையிலிருந்து இழுத்து இறக்கினார்கள்.

அந்த நண்பர்களில் ஒருவர் ஃபிராங்க் எட்சன். அடுத்த சில வாரங்களில் மாசசூசெட்ஸில் நடந்த ஒரு ஸ்கீ பந்தயத்தில் அவரே விபத்தில் சிக்கி இறந்துபோனார்.

கட்டுப்போட்ட காலோடு டோல் வேலையில் இறங்கினார். நியூயார்க்கின் ஸ்கீ கிளப் ஒன்று அமைத்த குழுவுக்குத் தலைமையேற்று, ஸ்கீ விபத்துகள் எப்படி நடக்கின்றன, எப்படித் தடுப்பது என்று ஆராய்ந்தார். இன்ஷூரன்ஸ் தொழிலில் இருந்தவருக்கு விபத்தைக் கணக்கெடுக்கச் சொல்லித்தர வேண்டுமா என்ன? ஆனால் அந்தக் காலத்தில் எல்லோரும் அவரை வரவேற்கவில்லை. ஆபத்தைப் பற்றிப் பேசினால் புதியவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. 1938ல் ஸ்டோவில் நடந்த தேசிய பந்தயத்துக்கு டோல் ஏற்பாடு செய்த ரோந்துக் குழுவைப் பார்த்த தேசிய ஸ்கீ சங்கத் தலைவர் ரோஜர் லாங்லி, இதையே நாடு முழுவதற்கும் அமைத்துத் தரும்படி கேட்டுக்கொண்டார். நேஷனல் ஸ்கீ பேட்ரோல் பிறந்தது அப்படித்தான்.

உள்ளூர் அளவில் சில குழுக்கள் அதற்கு முன்பே இருந்தன. ஒரேகானில் மவுன்ட் ஹூட் மலையின் ரோந்துக் குழு 1937ல் தொடங்கியது. அங்கே இன்றும் தன்னார்வலர்கள் பணியில் இருக்கிறார்கள். டோல் செய்தது, சிதறிக் கிடந்த இந்த முயற்சிகளுக்கு ஒரே பயிற்சியும் ஒரே தரமும் கொடுத்தது.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் கதை வேறொரு திசையில் திரும்பியது. சோவியத் படையைப் பனியில் திணறடித்த பின்லாந்தின் ஸ்கீ வீரர்களைப் பற்றிப் படித்த டோல், அமெரிக்காவுக்கும் மலைப்போர்ப் படை தேவை என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் எழுதினார். ராணுவத் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷலை நேரில் சந்தித்து வாதாடினார். விளைவு, பத்தாவது மலைப் படைப்பிரிவு. அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ராணுவம் நேஷனல் ஸ்கீ பேட்ரோலிடமே ஒப்படைத்தது. சேர விரும்பியவர்கள் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கொண்டுவர வேண்டும். கொலராடோவின் கேம்ப் ஹேலில் பயிற்சி பெற்ற அந்தப் படை, 1945 பிப்ரவரியில் இத்தாலியின் ரீவா முகட்டை இரவில் ஏறிப் பிடித்தது. போர் முடிவதற்குள் சுமார் ஆயிரம் பேரை இழந்தது.

திரும்பி வந்தவர்களில் பலர் மலைகளை விடவில்லை. இத்தாலியில் படுகாயமடைந்த பீட் சைபர்ட், ஆஸ்பென் தளத்தில் ரோந்துப் பணியாளராக வேலை பார்த்தார். பின்னர் நண்பர்களுடன் சேர்ந்து 1962ல் வெயில் என்ற ஸ்கீ தளத்தைத் திறந்தார். அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் வெயில் ரிசார்ட்ஸ் நிறுவனம்தான் இன்று பார்க் சிட்டி மலையின் உரிமையாளர். ஒரு ரோந்துக்காரர் தொடங்கிய தளத்தின் பெயரில் வளர்ந்த நிறுவனத்திடம்தான், அறுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, ரோந்துக்காரர்கள் இரண்டு டாலர் கூடுதலாகக் கேட்டு வாசலில் நின்றார்கள்.

வகுப்பறையில் தொடங்கும் மலையேற்றம்

இந்தக் குழுவில் சேர விரும்புகிறவர்கள் முதலில் நினைப்பது, நன்றாகச் சறுக்கத் தெரிந்தால் போதும் என்று. சறுக்கத் தெரிய வேண்டும், உண்மைதான். ஒரு தொடக்கத் தேர்வும் உண்டு. ஆனால் அங்கே பார்ப்பது வேகத்தை அல்ல. கரடுமுரடான சரிவிலும் உறைந்து இறுகிய பனியிலும் கட்டுப்பாடு இழக்காமல் இறங்க முடிகிறதா, நினைத்த இடத்தில் நிற்க முடிகிறதா என்பதைத்தான். ஸ்னோபோர்டில் வருகிறவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது.

உண்மையான வடிகட்டல், பனி விழுவதற்கு முன்பே, வகுப்பறையில் தொடங்கிவிடுகிறது. 'அவுட்டோர் எமர்ஜென்சி கேர்' என்ற திறந்தவெளி அவசர சிகிச்சைப் பாடத்திட்டத்தை 1980களில் டாக்டர் வாரன் பவ்மன் தலைமையில் உருவாக்கினார்கள். அதுவரை ரோந்துக்காரர்கள் செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிப் பாடத்தையே படித்துவந்தார்கள். அந்தப் பாடம் ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்துவிடும் ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. மலையில் ஆம்புலன்ஸ் வராது. அடிபட்டவரைத்தான் ஆம்புலன்ஸ் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதுவும் குளிரில், காற்றில், சாய்ந்த தரையில்.

சுமார் நூறு மணி நேரப் பாடம் இது. பல தளங்களில் கோடைக்காலக் கடைசியில் தொடங்கி, வாரத்தில் இரண்டு மாலைகள் என்று இலையுதிர்காலம் முழுக்க நீளும். மூச்சுப்பாதை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது, ரத்தப்போக்கை நிறுத்துவது, ஆக்ஸிஜன் கொடுப்பது, தலையிலும் முதுகுத்தண்டிலும் அடிபட்டவரை அசைக்காமல் பலகையில் ஏற்றுவது, உடல்வெப்பம் குறைந்துபோனவரைக் கையாள்வது, இதயத் துடிப்பு நின்றுபோனவருக்கு அதிர்ச்சிக் கருவி வைப்பது என எல்லாமே உண்டு. முக்கோணக் கட்டுத்துணியை வைத்துத் தோளுக்கு ஊஞ்சல்கட்டு போடுவதை மட்டும் கை தானாகச் செய்யும்வரை பழக்குகிறார்கள். எழுத்துத் தேர்வு தனி, செய்முறைத் தேர்வு தனி. செய்முறையில் ஒருவர் அடிபட்டவராக நடிப்பார். 'வலி எங்கே?' என்று கேட்பதற்குள், அவர் மயங்கிவிட்டதாகத் தேர்வாளர் அறிவிப்பார். அடுத்து என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

தேர்ச்சி பெற்றால் முடிந்தது என்று உட்கார முடியாது. ஒவ்வோர் ஆண்டும் பாடத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திரும்பப் படித்துச் செய்துகாட்ட வேண்டும். மூன்று ஆண்டில் ஒரு சுற்று முடியும், பிறகு மறுபடி முதலிலிருந்து. இதய நுரையீரல் மீட்புப் பயிற்சியையும் ஆண்டுதோறும் நிரூபிக்க வேண்டும். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் விதிவிலக்கு கிடையாது.

டொபாகன் என்ற பரீட்சை

பனி விழுந்த பிறகு இரண்டாம் கட்டம். அடிபட்டவரைக் கிடத்தி இறக்கும் கண்ணாடியிழைச் சறுக்குவண்டிக்கு டொபாகன் என்று பெயர். முன்னால் இரண்டு நீளக் கைப்பிடிகள் இருக்கும். ரோந்துக்காரர் அவற்றுக்கு நடுவே நின்று, வண்டியின் எடையைத் தன் முதுகுக்குப் பின்னால் தாங்கியபடி கீழே இறங்க வேண்டும். செங்குத்தான இடங்களில் இன்னொருவர் வண்டியின் பின்னால் கயிற்றைப் பிடித்து நிதானப்படுத்துவார். இன்னும் செங்குத்து என்றால், வண்டிக்கு அடியில் ஒரு சங்கிலியைத் தொங்கவிடுவார்கள். அது பனியைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும்.

இங்கே அழகான வளைவுகளுக்கு வேலையில்லை. ஸ்கீகளைக் குறுக்கே வைத்து விளிம்பால் பனியைச் சீவியபடி பக்கவாட்டில் வழுக்குவதும், அப்படியே முன்னும் பின்னுமாக மாறி மாறி நழுவி இறங்குவதும்தான் தேவை. பின்னதற்கு ரோந்துக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'உதிரும் இலை'. புதியவர்கள் முதலில் காலி வண்டியை இறக்குவார்கள். பிறகு சக பயிற்சியாளர் ஒருவர் அதில் படுத்துக்கொள்வார். வண்டியில் படுத்து வானத்தைப் பார்த்தபடி இறங்கிய அனுபவம், அடுத்த முறை கைப்பிடியைப் பிடிக்கும்போது ஒவ்வொரு குலுக்கலையும் ஞாபகப்படுத்தும். அதற்காகவே எல்லோரும் ஒருமுறையாவது படுக்க வேண்டும் என்பது பல தளங்களில் வழக்கம்.

ஏற்றுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பொதுவாக, அடிபட்ட பகுதி மேட்டுப் பக்கம் இருக்கும்படி கிடத்துவார்கள். கால் முறிந்தவரின் தலை பள்ளத்தைப் பார்க்கும். தலையில் அடிபட்டவர், மூச்சுத் திணறுகிறவர் என்றால் தலை மேலே. காலில் மாட்டியிருக்கும் கனமான ஸ்கீ பூட்ஸைச் சரிவில் வைத்துக் கழற்றுவது அபூர்வம். அந்தக் கெட்டி ஓடே கணுக்காலை அசையாமல் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இதோடு லிஃப்ட் மீட்புப் பயிற்சியும் உண்டு. நாற்காலி லிஃப்ட் நடுவானில் நின்றுபோனால், கம்பிவடத்தின் மேல் கயிற்றை வீசி, ஒவ்வொரு நாற்காலியில் இருப்பவரையும் சிறிய இருக்கை ஒன்றில் உட்காரவைத்துக் கீழே இறக்க வேண்டும். அப்படி ஒரு நாள் வராமலேயே பல ஆண்டுகள் போகலாம். ஆனாலும் சீசன் தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் ஒத்திகை நடக்கும்.

ஒரு நாள் எப்படிப் போகிறது?

பயணிகள் வருவதற்கு முன்பே முதல் லிஃப்டில் ரோந்துக் குழு ஏறிவிடும். ஒவ்வொரு தடத்திலும் இறங்கிப் பார்ப்பார்கள். இரவில் காற்று எங்கே பனியை அரித்திருக்கிறது, எங்கே பாறை தலைகாட்டுகிறது, லிஃப்ட் தூண்களைச் சுற்றிய மெத்தை விலகியிருக்கிறதா என்று கவனிப்பார்கள். ஆபத்தான இடத்தில் மூங்கில் கம்பு நடுவார்கள். மூட வேண்டிய தடத்துக்குக் குறுக்கே கயிறு கட்டுவார்கள். இந்த வேலைக்கு யாரும் கைதட்டுவதில்லை. ஆனால் நடக்காமல் போன விபத்துகள் பெரும்பாலும் இங்கேதான் தவிர்க்கப்பட்டன.

பிறகு காத்திருப்பு. மேல்முகட்டுக் குடிலில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது வாக்கிடாக்கி ஒலிக்கும். எந்தத் தடம், எத்தனையாவது தூண் அருகில், என்ன அடி என்பதற்குள் பாதிப் பேர் ஸ்கீயை மாட்டியிருப்பார்கள். விழுந்து கிடப்பவருக்கு மேல்பக்கம் இரண்டு ஸ்கீகளைப் பெருக்கல் குறியாக நட்டுவைப்பது, வேகமாக இறங்கி வருகிறவர்களுக்கான எச்சரிக்கை. தேடி வரும் ரோந்துக்காரருக்கும் அதுவே அடையாளம்.

ஆயிரம் பேர் ஒரு நாள் சறுக்கினால் அதில் இரண்டு அல்லது மூன்று பேருக்கு மருத்துவ கவனம் தேவைப்படும் என்பது ஆய்வாளர்கள் நீண்டகாலமாகச் சொல்லிவரும் விகிதம். கேட்கச் சிறியதாக இருக்கலாம். ஆனால் 2022-23 சீசனில் அமெரிக்கத் தளங்களுக்கான வருகைகளின் எண்ணிக்கை 6.5 கோடியைத் தாண்டியது. ஸ்கீ ஆடுகிறவர்களுக்கு அதிகம் அடிபடுவது முழங்கால். கைக்கோலைப் பிடித்தபடி விழுந்து கட்டைவிரலின் தசைநார் கிழிவதும் அடிக்கடி நடக்கும். ஸ்னோபோர்டுக்காரர்கள் விழும்போது கையை ஊன்றுவதால் மணிக்கட்டு முறியும். ஸ்கீயைப் பூட்ஸிலிருந்து விடுவிக்கும் பூட்டு மேம்பட்ட பிறகு கால் எலும்பு முறிவது வெகுவாகக் குறைந்துவிட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நான்கில் ஒருவர் மட்டுமே அணிந்த ஹெல்மெட், இன்று பெரும்பாலோர் தலையில் இருக்கிறது.

மாலையில் லிஃப்ட் நின்றதும் கடைசி வேலை. ரோந்துக்காரர்கள் மலை உச்சியில் தடங்களைப் பிரித்துக்கொண்டு, காட்டு ஓரங்களைப் பார்த்துக் குரல் கொடுத்தபடி கீழே வருவார்கள். மலையில் ஒருவரும் மிச்சமில்லை என்று உறுதியான பிறகுதான் வீடு.

இத்தனைக்கும் என்ன கிடைக்கிறது? சீசன் முழுவதற்குமான இலவசப் பாஸ், பல இடங்களில் குடும்பத்துக்குச் சலுகை, உபகரணங்களில் தள்ளுபடி. பதிலுக்கு உறுப்பினர் சந்தா, பாடநூல், முதலுதவிப் பை, பெட்ரோல் எல்லாம் பெரும்பாலும் சொந்தச் செலவு. ஒரு சீசனுக்குக் குறைந்தது பதினைந்து இருபது நாட்களாவது பணிக்கு வர வேண்டும் என்று பல குழுக்கள் எதிர்பார்க்கின்றன. தொண்டுக்காகக் கார் ஓட்டினால் அமெரிக்க வருமானவரியில் மைலுக்கு 14 சென்ட் கழித்துக்கொள்ளலாம். அந்தத் தொகை 1998லிருந்து மாறவே இல்லை. பாஸ் மட்டும் வேண்டும் என்றால் கடையில் வாங்குவதே லாபம் என்று பழையவர்கள் புதியவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள்.

இலவசம் எதுவரை?

தன்னார்வலர் பொதுவாகத் தாண்டாத எல்லை ஒன்றும் இருக்கிறது. பெரிய மலைகளில் விடியற்காலையில் வெடிவைத்துப் பனிச்சரிவை முன்கூட்டியே சரியவைக்கும் வேலை, உரிமமும் நீண்ட அனுபவமும் தேவைப்படும் தொழில். அதைப் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் பணியாளர்களே செய்கிறார்கள். அவர்களுக்கும் அது பாதுகாப்பானதல்ல. 2025 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் மாமத் மலையில் அந்தப் பணியின்போது இரண்டு பேர் பனிச்சரிவில் சிக்கினார்கள். ஒருவர் இறந்துபோனார். மணிக்கு 23 டாலர் கேட்டவர்களின் வாதத்தை இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

அப்படியானால், லாபம் பார்க்கும் நிறுவனத்தின் மலையில் ஒருவர் ஏன் இலவசமாக உழைக்க வேண்டும்? இந்தக் கேள்வி இப்போது ரோந்துக் குடில்களிலேயே எழுகிறது. எல்லா மலைக்கும் ஒரே பதில் கிடையாது. வெர்மான்ட்டின் மேட் ரிவர் க்ளென் 1995லிருந்து அங்கே சறுக்குகிறவர்களே பங்குதாரர்களாக இருக்கும் கூட்டுறவு நிறுவனம். ஐடஹோவின் போகஸ் பேசின் லாப நோக்கில்லாத அமைப்பு. இத்தகைய இடங்களில் தன்னார்வலரின் உழைப்பு நேராக ஊருக்கே போய்ச் சேருகிறது. அது இல்லாவிட்டால் டிக்கெட் விலை ஏறும், அல்லது மலையே மூடும். டஜன் கணக்கான மலைகளைக் கையில் வைத்திருக்கும் ஒரு பெருநிறுவனத்துக்கு இந்தக் காரணம் பொருந்தாது. அங்கே முதலுதவியும் லிஃப்ட் பராமரிப்பைப் போல நிறுவனத்தின் செலவுக் கணக்கில்தான் வர வேண்டும். பார்க் சிட்டி வேலைநிறுத்தம் சொன்னதும் அதைத்தான்: இந்த வேலைக்கு ஒரு விலை உண்டு. அதை யாருக்கு விட்டுக்கொடுப்பது என்பது உழைப்பவரின் விருப்பமாக இருக்கும்வரைதான் அதற்குத் தொண்டு என்று பெயர்.

பல குழுக்களில் தலைமுடி நரைத்தவர்களே அதிகம். இளைஞர்களை ஈர்க்க, 15 வயதிலிருந்தே சேர்ந்து பயிற்சி பெறும் பிரிவு ஒன்று நடக்கிறது. சறுக்கவே தெரியாதவர்களுக்கும் அடிவாரத்து முதலுதவி அறையில் இடம் இருக்கிறது. நர்ஸ்களும் மருந்தாளுநர்களும் அங்கே கட்டுப்போடுவது முதல் பெற்றோருக்குத் தகவல் சொல்வதுவரை எல்லாம் செய்கிறார்கள். வட அமெரிக்காவில் வாழும் தமிழர்களில், பிள்ளைகளைச் சனிக்கிழமைதோறும் ஸ்கீ வகுப்புக்கு அழைத்துப்போய் அடிவாரத்தில் காத்திருக்கும் பெற்றோருக்கு இது தெரிந்திருப்பது நல்லது. கனடாவில் இதே பணியை 1940களின் தொடக்கத்திலிருந்து கனடியன் ஸ்கீ பேட்ரோல் செய்துவருகிறது.

சேர நினைப்பவர்கள் பனிக்காலம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள ஸ்கீ தளத்தின் ரோந்துக் குழுவை முன்கூட்டியே நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள். முதலுதவி வகுப்புகள் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். முதல் பனி விழும்போது விண்ணப்பித்தால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டியிருக்கும்.